எழுதி வையுங்கள், உங்கள் நோட்டில்

"பாஸ்வேர்டை எங்கும் எழுதி வைக்காதீர்கள்." வங்கிச் சுவரிலும், செல்போனுக்கு வரும் குறுஞ்செய்தியிலும், பள்ளிக்கூடத்தில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டத்திலும் இதைக் கேட்காத ஆள் இருக்க முடியாது. கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அப்புறம் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் கொஞ்ச காலமாகக் கவனித்து வருகிறேன். எழுதவும் கூடாது, நினைவிலும் நிற்காது. ஆகவே ஒன்று, ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் வேறொருவரை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டாவது வழிதான் அதிகம். அந்த வேறொருவர் பெரும்பாலும் பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர்.

குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் ஒரு லாங் சைஸ் நோட்டு உண்டு. அட்டை கிழிந்து, செலோடேப் ஒட்டி, இரண்டு ரப்பர் பேண்டு போட்டு மேசை டிராயருக்குள் கிடக்கும். பெயர், செல் எண், இமெயில், எதற்காகத் திறந்த கணக்கு, பாஸ்வேர்ட் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார். பாஸ்போர்ட், வருமான வரி, பி.எஃப்., கல்வி உதவித்தொகை, வேலைவாய்ப்புப் பதிவு என ஊரின் பாதிப் பேருடைய கணக்குகள் அதில் இருக்கின்றன. மங்களூர் துறைமுகத்தில் போட் நிற்கும்போது அங்கிருந்து யாராவது கூப்பிடுவார்கள்: "அண்ணாச்சி, எனக்க பி.எஃப். பாஸ்வேர்ட் என்னது?" அவர் நோட்டைப் புரட்டி, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாக வாசிப்பார். கடையில் ஜெராக்ஸ் எடுக்க நிற்கும் எல்லோருக்கும் கேட்கும். யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றியதில்லை.

அவர் நல்ல மனிதர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாமல் வந்த கிழவிகளிடம் காசு வாங்காமல் எத்தனையோ ஓய்வூதிய விண்ணப்பங்களைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் பலருக்குப் பல விஷயங்கள் நடந்தே இருக்காது. என் பேச்சு அவரைப் பற்றியது அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். இத்தனை பேருக்கு எழுதத் தெரிந்த மாவட்டத்தில், சொந்த பாஸ்வேர்டை மட்டும் இன்னொருவர் கை ஏன் எழுதுகிறது என்பதுதான் என்னை விடாமல் குடைந்த கேள்வி.

அந்த நோட்டில் இருக்கும் பாஸ்வேர்டுகளைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். எல்லாம் ஒரே அச்சு. பெயரின் முதல் நான்கு எழுத்து, அதில் முதலெழுத்து பெரியது, பிறகு @, பிறகு 123 அல்லது பிறந்த வருஷம். பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறியீடு வேண்டும் என்று இணையதளம் கேட்கிறது. கேட்டதைக் கொடுத்தாகிவிட்டது. இதில் ரகசியம் என்று ஒன்றும் இல்லை. ஆளின் பெயரும் பிறந்த வருஷமும் தெரிந்தால் கடைக்காரரின் நோட்டே வேண்டாம்.

துஷ்டி நாளில் வந்த படம்

என் அண்ணன் சவுதியில், தம்மாமில் இருக்கிறார். வீட்டுக் காரியம் எல்லாம் மைனிதான் பார்க்கிறார். மூத்த மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்தது. கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதிவு செய்வதற்கான கெடு அன்று மாலையோடு முடிகிறது. மைனி மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனால், ஷட்டர் போட்டிருக்கிறது. கடைக்காரரின் உறவில் ஒரு துஷ்டி, அதாவது சாவு. எனக்குப் போன் வந்தது. "தம்பி, பாஸ்வேர்ட் அந்த அண்ணன்கிட்டல்லா கெடக்கு. நமக்கிட்ட ஒண்ணும் இல்ல."

சரி, 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்பதை அழுத்தி ஓ.டி.பி. வாங்கலாம் என்று என் லேப்டாப்பில் திறந்தேன். ஓ.டி.பி. போன எண் கடைக்காரருடையது. இமெயில் வழியாகப் போகலாம் என்று பார்த்தால், அந்த இமெயிலையும் அவரே திறந்து, மீட்பு எண்ணாகத் தன் எண்ணையே போட்டிருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. வாடிக்கையாளர் போனில் ரேஞ்ச் இல்லை, அல்லது போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது வேலை முடியத் தன் எண்ணைப் போடுகிறார். ஆனால் முடிவு என்ன? பதினேழு வயதுப் பெண்ணின் பெயரில் ஒரு இமெயில் இருக்கிறது. அதன் பாஸ்வேர்ட் அவளுக்குத் தெரியாது. மறந்தால் மீட்கவும் அவளால் முடியாது. அவளுக்கு இருப்பது அந்தப் பெயர் மட்டும்தான்.

துஷ்டி வீட்டுக்குக் கூப்பிடவே தயக்கமாக இருந்தது. வேறு வழியில்லாமல் கூப்பிட்டேன். "ஒரு நிமிசம் இருங்க சார்" என்று சொல்லி வைத்தார். நிமிஷத்துக்குள் வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. அந்த நோட்டின் ஒரு பக்கம். கடை பூட்டியிருக்கும் நாளிலும் ஆட்களுக்கு உதவலாமே என்று, நோட்டின் எல்லாப் பக்கங்களையும் அவர் செல்போனில் படமெடுத்து வைத்திருக்கிறார்.

மகளின் வரி நடுவில் இருந்தது. மேலேயும் கீழேயும் அடுத்த வீட்டுக்காரர்கள். எங்களுடன் கோவிலுக்கு வருகிறவர்கள், பால் வாங்கும் வீடு, ரப்பர் ஷீட் கடை நடத்தும் ஒருவர். ஒருவருடைய நெட் பேங்கிங் பாஸ்வேர்ட், பக்கத்திலேயே அவருடைய செல் எண். இரண்டு விரலால் விரித்தால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மைனி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் பதிவு முடிந்து, உறுதிச் செய்தி வந்து, நாங்கள் மூச்சு விட்ட பிறகு அவர் கேட்டது இது: "அப்போ நமக்க பக்கமும் இப்படி யாருக்காவது போயிருக்கும் இல்லியா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. போயிருக்கும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் படம் அப்போது என் போனில், கடைக்காரர் போனில், இரண்டு பேருடைய கேலரியும் தானாகப் போய்ச் சேரும் கிளவுடில். போட்டோவுக்குள் இருக்கும் எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதி இப்போது சாதாரணப் போன்களிலேயே இருக்கிறது. டிராயரில் கிடக்கும் நோட்டு ஒரே இடத்தில் கிடக்கும். படமாகிவிட்டால் அது எங்கெல்லாம் இருக்கிறது என்று படமெடுத்தவருக்கே தெரியாது. என் போனிலிருந்து அதை அழித்தேன், கிளவுடிலிருந்தும் அழித்தேன். அவரிடமும் சொல்லி அவருடைய வாட்ஸாப்பில் அழிக்க வைத்தேன்.

முதல் திருட்டே ஒரு பட்டியல்தான்

பட்டியல் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு, கணினி பாஸ்வேர்டின் வரலாறே முதல் சாட்சி. ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்வதற்காக 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஓர் அமைப்பை உருவாக்கியது. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட் கொடுத்தார்கள். 1962ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு, தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை. பாஸ்வேர்டுகள் இருந்த கோப்பை அச்சிடச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை கொடுத்தார், எல்லோருடையதும் அச்சாகி வந்துவிட்டது. உடைத்தும் திறக்கவில்லை, யூகிக்கவும் இல்லை. எல்லாம் ஒரே இடத்தில், படிக்கக்கூடிய எழுத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

2009ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் வெளியேறின. அவையும் மறைகுறியாக்கம் இல்லாமல் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தவை. அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அந்தப் பட்டியல் இன்றும் பாஸ்வேர்ட் உடைக்கும் மென்பொருள்களுக்கு அரிச்சுவடி. மனிதர்கள் எப்படி யோசிப்பார்கள், முதலெழுத்தைப் பெரிதாக்குவார்கள், கடைசியில் எண் சேர்ப்பார்கள் என்பதையெல்லாம் அதிலிருந்து கற்றுக்கொண்டுதான் அடுத்தவற்றை ஊகிக்கிறார்கள். ஓரிடத்தில் கசிந்த இமெயிலையும் பாஸ்வேர்டையும் மற்ற எல்லாத் தளங்களிலும் போட்டுப் பார்க்கும் வேலையை இயந்திரமே செய்துவிடுகிறது. எப்போதோ படத்துக்கு டிக்கெட் எடுக்கத் திறந்த கணக்கின் பாஸ்வேர்டும் வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்தால், டிக்கெட் விற்றவனின் அலட்சியத்துக்கு வங்கிக் கணக்கு விலை கொடுக்க வேண்டியதுதான்.

அந்தப் பெரிய எழுத்து, எண், குறியீடு விதிகள் எங்கிருந்து வந்தன? 2003ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டில் பில் பர் என்பவர் எழுதிய வழிகாட்டியிலிருந்து அவை உலகம் முழுக்கப் பரவின. 2017ல், தான் எழுதியதில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாக அவரே பத்திரிகைப் பேட்டியில் சொல்லிவிட்டார். அதே ஆண்டில் நிஸ்ட் தன் வழிகாட்டியை மாற்றியது. குறியீடு கேட்டுக் கட்டாயப்படுத்த வேண்டாம், கசிந்ததற்கு அடையாளம் இல்லாமல் சும்மா சும்மா மாற்றச் சொல்ல வேண்டாம், நீளமாக வைக்க அனுமதியுங்கள், ஏற்கெனவே கசிந்த பட்டியலில் இருப்பதை மட்டும் தடுங்கள் என்றது. நம்மூர்த் தளங்கள் பலவற்றுக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

பாதுகாப்புத் துறையில் பெரிதும் மதிக்கப்படும் புரூஸ் ஷ்னையர், நினைவில் வைக்க முடியாத அளவுக்கு வலுவான பாஸ்வேர்டை வையுங்கள், அதைச் சின்னத் தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள் என்று 2005லேயே எழுதினார். சின்னத் தாள்களைப் பத்திரமாக வைக்க நமக்குத் தெரியும் என்பது அவர் வாதம். கோர்பட்டோவும் வயதான காலத்தில் தன் பாஸ்வேர்டுகளைத் தட்டச்சு செய்த தாள்களில்தான் வைத்திருந்தார். இதையெல்லாம் படித்த பிறகு, எழுதி வைக்காதே என்ற அறிவுரையை நம் வீடுகளுக்கு அப்படியே கொண்டுவருவது தப்பு என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அலுவலக மேசையில் மானிட்டரில் ஒட்டி வைக்காதே என்று சொன்னால் சரி. வீட்டுப் பத்திரமும் நகை அடகுச் சீட்டும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டும் இருக்கும் பீரோவில் ஒரு நோட்டு வைக்கக் கூடாது என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ரஷ்யாவிலிருந்தோ, இணைய மோசடிக்குப் பேர்போன ஜார்கண்டின் ஜாம்தாராவிலிருந்தோ எவனும் அந்தப் பீரோவைத் திறக்க முடியாது.

மைனியின் நோட்டு

அந்த வாரக் கடைசியில் மைனி ஒரு நூறு பக்க நோட்டு வாங்கினார். உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காக மாற்றினோம். முதலில் மாற்றியது இமெயிலை. மற்ற எல்லாக் கணக்கையும் மீட்க வழி அதுதான் என்பதால், அங்கே வேறெங்கும் போடாத பாஸ்வேர்ட் வேண்டும். மீட்பு எண்ணாக மைனியின் எண்ணைப் போட்டோம். அப்புறம்தான் மற்றவை.

புது பாஸ்வேர்டுகளை மனதில் தோன்றியபடி வைக்க நான் விடவில்லை. மனதில் தோன்றுவது எப்போதும் பெயரும் தேதியும் மாதாவும்தான். சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பழைய காலண்டர் தாளைக் கிழித்து இருநூறு சீட்டு போடச் சொன்னோம். ஒவ்வொன்றிலும் ஒரு சொல்: மரச்சீனி, கட்டுமரம், சாளை, தொட்டில், மின்னல், அயனி, குடை. ஒன்றை எடுத்து எழுதி, மறுபடி உள்ளே போட்டுக் குலுக்கி, அடுத்தது. இப்படி ஐந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் ஒரு பாஸ்வேர்ட். இருநூறு சொல்லில் ஐந்து எடுத்தால் 32,000 கோடி வகை வரும். தளத்தின் வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறவனுக்கு அது முடியாத காரியம். ஆர்னால்டு ரைன்ஹோல்டு என்பவர் 1995ல் பகடை உருட்டி 7,776 சொற்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் முறையைச் சொன்னார், அதே யோசனைதான். முக்கியம் என்னவென்றால், சொல்லைத் தேர்ந்தெடுப்பது நம் மனசாக இருக்கக் கூடாது, கைக்கு வந்த சீட்டாக இருக்க வேண்டும். சீட்டு பிடிக்கவில்லை என்று திரும்பப் போட்டு வேறு எடுத்தால் பலம் குறைந்துவிடும். பிள்ளைகள் அதைத்தான் செய்யப் பார்த்தார்கள். சில தளங்கள் கடைசியில் ஒரு எண்ணும் குறியீடும் வேண்டும் என்று அடம் பிடித்தன. சேர்த்துக் கொடுத்தோம்.

ஏ.டி.எம். பின்னும் யு.பி.ஐ. பின்னும் நோட்டில் இல்லை. நாலு இலக்கமோ ஆறு இலக்கமோ, தினமும் பயன்படுத்துகிறோம், அது தலைக்குள்ளேயே இருக்கட்டும். நோட்டை எங்கே வைப்பது என்பதில் ஒரு சின்ன விவாதம் நடந்தது. மைனி பைபிளுக்குள் என்றார். எங்கள் ஊரில் பணமும் கடிதமும் மருந்துச் சீட்டும் எல்லாம் பைபிளுக்குள்தான் இருக்கும், திருட வருகிறவனும் முதலில் அதைத்தான் புரட்டுவான் என்றேன். பீரோவின் உள் லாக்கருக்குப் போனது. ரெண்டு பருவ மழையும் பெய்யும் ஊர் என்பதால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில்.

நான் எனக்குப் பாஸ்வேர்ட் மேனேஜர், அதாவது பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் மென்பொருள், வைத்திருக்கிறேன். பிட்வார்டன், கீபாஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு பெரிய மாஸ்டர் பாஸ்வேர்ட், மற்றதை அதுவே உருவாக்கி அதுவே நிரப்பும். போலித் தளம் என்றால் முகவரி பொருந்தாததால் நிரப்பாது, அது காகித நோட்டால் முடியாத காவல். கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் 2022ல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்ட் மேனேஜர் நிறுவனத்திடமிருந்து, வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகள் பூட்டி வைத்த பெட்டகங்களின் பிரதிகளையே களவாடிச் சென்றார்கள். பூட்டு உடையவில்லை என்றாலும், பலவீனமான மாஸ்டர் பாஸ்வேர்ட் வைத்திருந்தவர்களுக்கு அது நிரந்தரப் பயம். ஆகவே அந்த ஒன்றுக்கு ஏழெட்டுச் சீட்டாவது எடுங்கள். மைனிக்கு இதைக் காட்டினேன். "எனக்கு நோட்டு போதும்" என்றார். மாதத்தில் மூன்று நான்கு தடவை இணையத்தில் வேலை வருகிறவருக்கு அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்ப யோசித்தோம். நோட்டில் எழுதும் ஒவ்வொரு பாஸ்வேர்டின் கடைசியிலும், எழுதாமல் மனதில் மட்டும் வைத்திருக்கும் நாலு எழுத்தைச் சேர்க்கச் சொல்லும் பழக்கம் ஒன்று உண்டு. நோட்டு திருடு போனாலும் பாதிதான் போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மனதில் வைத்திருக்கும் ஆள் இல்லாமல் போனால்? கடலுக்குப் போகிறவர்களும் கடல் கடந்து போகிறவர்களும் இருக்கும் மாவட்டம் இது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கடலில் நின்றவர்களில் திரும்பாமல் போனவர்கள் எத்தனையோ பேர். குடும்பத்தலைவர் திடீரென்று இல்லாமல் போகும்போது, அவருக்கு எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்பதே தெரியாமல் நிற்கும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். திருடனுக்குப் பயந்து அந்த நாலு எழுத்தை மறைத்தால், நம் வீட்டாருக்கும்தான் மறைக்கிறோம். மைனி வேண்டாம் என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. எங்கள் வீடுகளில் திருட்டை விட, விவரம் தெரிந்தவர் திடீரென்று இல்லாமல் போவதுதான் பெரிய ஆபத்து.

இதிலேயே இன்னொன்று. ஒருவர் இறந்த பிறகு அவருடைய பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய்ப் பணம் எடுப்பது முறையல்ல, நாமினி வழியாகத்தான் கேட்க வேண்டும். ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் பாஸ்வேர்டே இல்லை. எந்தெந்த வங்கியில் கணக்கு, எந்தக் கிளை, நாமினி யார், எந்தக் காப்பீடு, எந்தக் கணக்குக்கு எந்த செல் எண் என்பது மட்டும். பத்து ஆண்டு யாரும் தொடாத வைப்புப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகிறது. திரும்பக் கேட்டு வாங்கலாம், ஆனால் இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும். 2023ல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம் என்பது ஒரு ஆறுதல்.

செல் எண் விஷயம் கல்ஃப் குடும்பங்களுக்கு இன்னும் முக்கியம். நம் நாட்டில் பாஸ்வேர்டை விட ஓ.டி.பி. வரும் சிம்தான் உண்மையான அதிகாரம். அங்கே போனவர்களின் பழைய இந்திய எண் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போகும். துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. ஆகவே எந்தக் கணக்கில் எந்த எண் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு சிம்மைக் கைவிடுவது, வீட்டைக் காலி செய்யாமலே சாவியைப் புதுக் குடித்தனக்காரருக்குக் கொடுப்பது மாதிரி.

கடைக்காரரிடம் மைனிதான் பேசினார், நான் கூடப் போனேன். அடுத்த முறை விண்ணப்பம் போடப் போனபோது அவர் வழக்கம்போல டிராயரைத் திறந்தார். "வேண்டாம் அண்ணா, நான் எழுதிக்கிறேன்" என்று மைனி தன் நோட்டை எடுத்து வைத்தார். அவர் முகம் ஒரு கணம் வாடியது. தன்னை நம்பவில்லை என்று நினைத்திருப்பார். மைனியே சொன்னார்: "உங்களுக்க நோட்டு நாளைக்கு யாருகிட்டயாவது சிக்கிச்சுன்னா, பழி உங்க தலையில இல்லியா வரும்?" அதை அவர் யோசித்ததே இல்லை என்று தெரிந்தது. பிறகு பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அழிப்பது எப்படி என்று என்னிடம் கேட்டார். குரோமின் அமைப்புகளைத் திறந்து காட்டினேன். வரிசை முடியவே இல்லை, வருஷக்கணக்கில் 'சேமிக்கவா' என்று கேட்டதற்கெல்லாம் 'சரி' போட்டிருக்கிறார். எங்கள் வீட்டுப் பெயர்களை நோட்டில் பேனாவால் அடித்தார். பக்கத்தைக் கிழிக்க முடியாது, பின்பக்கத்தில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்போது புதிதாக வருகிறவர்களிடம், சொந்த போன் கையில் இருக்கிறதா, எழுத ஒரு நோட்டு இருக்கிறதா என்று கேட்கிறார். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். பழைய பெயர்கள் அந்த லாங் சைஸ் நோட்டில் அப்படியேதான் இருக்கின்றன, ஒவ்வொருவரும் வந்து மாற்றினால்தான் உண்டு. கோவில் பங்குக் கூட்டத்தில் இதைப் பேச ஒரு நேரம் கேட்டிருக்கிறோம். அண்ணனுடைய வங்கிக் கணக்கில் இன்னும் அவருடைய பழைய எண்தான் இருக்கிறது, கிறிஸ்துமஸ் லீவில் வந்ததும் கிளைக்குப் போய் மாற்ற வேண்டும். அது வரைக்கும் அந்த சிம்மை மாதாமாதம் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பு மகளுடையது.